கலியமூர்த்தி வீட்டு நடுச்சுவர்

தெரியாது என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தால், முப்பத்திரண்டாவது வயதில் நான்தான் அதற்குத் தலைவர். புதுச்சேரிக்குப் பக்கத்தில், பழைய கோயில் இருக்கிற வில்லியனூரில் பிறந்தவன் என்பதைத் தவிர சரித்திரத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில், சுகந்தி பழைய கட்டடங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிற விரிவுரையாளர் என்று தெரிந்ததும், “பாகூர் பக்கம் நான் நுழையாத பண்ணை வீடே இல்லீங்க” என்று என் வாய் சொல்லிவிட்டது. (நுழைந்தது ஒரே ஒரு வீட்டு வாசல். அதுவும் மழைக்கு ஒதுங்க.)

அதற்கு முன் நான்கு இடங்களில் ஜாதகம் பொருந்தியும் நான் பொருந்தவில்லை. சுகந்தி மட்டும், “ஞாயித்துக்கிழம ஒரு வீட்டக் காட்டுங்க. பேசிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். ஆக, என் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கையில் இருந்தது.

துணைக்கு அவள் அண்ணன் பாலு காரோடு வந்தார். முதலில் பாகூர் கோயில். சுவரின் அடிப்பக்கம் நடனமாடிக்கொண்டிருந்த சின்னச் சின்னச் சிற்பங்களைக் காட்டி, “பிரெஞ்சுக்காரன் காலத்து வேலைங்க” என்றேன்.

“சோழர் காலம்” என்றாள் சுகந்தி. “பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏற இன்னும் அறுநூறு எழுநூறு வருஷம் இருக்கு.”

பாலு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து ஏரிக்கரையில் நான் வாயே திறக்கவில்லை. (ஏரியையும் யாருக்காவது எழுதிவைத்துவிடுவேனோ என்று பயம்.)

கடைசியாகப் பண்ணை வீடு. வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருப்பதாகச் சொல்லியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பங்கு பிரிப்பதில் அண்ணன் கலியமூர்த்திக்கும் தம்பிக்கும் ஆறு வருஷமாக வழக்கு நடப்பதோ, இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்பதோ, வீட்டை அளந்து அறிக்கை கொடுக்க கோர்ட்டிலிருந்து கமிஷனராக ஒரு வக்கீல் எந்த நாளும் வரலாம் என்பதோ எனக்கு எப்படித் தெரியும்?

உயரமான கதவு, வளைவு வைத்த ஜன்னல், முன்னால் நெல் காயப்போடும் களம். இறங்கியதும் சுகந்தி பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். நான் முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு முன்னால் நின்றேன். கலியமூர்த்தி உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

“வாங்க சார், வாங்க! உங்களத்தான் எதிர்பாத்துக்கினு கீறோம். அடியே, சாருக்கு எளநி வெட்டு!”

விவரமுள்ளவன், ‘என்னை யாரென்று நினைத்தீர்கள்?’ என்று அங்கேயே கேட்டிருப்பான். நான் சுகந்தியிடம், “நம்ம பேருக்கு இங்க ஒரு மரியாத உண்டுங்க” என்றேன். அவள் கண்ணில் முதல் முறையாக ஒரு மதிப்பு தெரிந்தது. எனக்கு அது போதும்.

அவளும் பாலுவும் தூண்களையும் முற்றத்தையும் கிணற்றடியையும் அளந்து படம் போட்டார்கள். கலியமூர்த்தியே டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். அவர் மனைவி எனக்கு இலை போட்டு நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றினார். இரண்டாவது முறை ஊற்றும்போது வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. தம்பிக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார்.

“இன்னா சார்? கோர்ட்டு உன்ன அளக்க அனுப்ச்சுதா, கோழி துன்ன அனுப்ச்சுதா?”

என் கை சோற்றில் நின்றது. எல்லாம் புரிந்துவிட்டது. சுகந்திக்கும் புரிந்துவிட்டது. ‘சொல்லிடுங்க’ என்று கண்ணாலேயே சொன்னாள். ‘நான் கமிஷனர் இல்லை’ என்று மூன்றே வார்த்தை. ஆனால் அதற்குள் கலியமூர்த்தி கூடத்தின் நடுச்சுவரைக் கைகாட்டி, “நீங்களே சொல்லுங்க சார். சுவருக்கு அந்தாண்ட கீற கெணறு யாருக்கு?” என்றார். தெருவில் பாதி வாசலில் நின்றது. ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டார், நான் என்ன செய்வேன்?

“கெணறு மேற்கால பாகத்தோட சேந்ததுதான்” என்றேன். மேற்குப் பாகம் தம்பியுடையது.

கலியமூர்த்தியின் மனைவி குனிந்து, என் இலையைச் சோற்றோடு இழுத்துக்கொண்டார். “எங்க வூட்டுக் கோழியத் துன்னுட்டு அவனுக்கா கெணத்த எய்தி வெக்கிற?”

சுகந்தி நோட்டை மூடினாள். “அவரு கமிஷனர் இல்லீங்க. சோப்புக் கம்பெனியில சூப்பர்வைசர். நாங்க வீடு பாக்க வந்தவங்க.”

கலியமூர்த்தி உரக்கச் சொன்னார்: “டேய் தம்பி, கேட்டச் சாத்துடா!”

“சாத்திட்டண்ணா!” என்றார் தம்பி.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதானாம். என்னை என்ன செய்வது என்று முடிவெடுக்க இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆலோசித்தார்கள். நடுவில் பேச்சு எங்கெங்கோ போய், அவர்கள் அப்பா வாங்கிய மாட்டு வண்டி வரைக்கும் வந்துவிட்டது. சுகந்தி போட்ட படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்களை விட்டார்கள்.

வில்லியனூர் வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. இறங்கும்போது சுகந்தி சொன்னாள்: “நீங்க பேசாம இருந்தா நல்ல ஆளுதான். பேசறப்ப நான் பாத்துக்கறேன்.” அது சம்மதம் என்று பாலுதான் எனக்கு விளக்கினார்.

கல்யாணத்துக்கு அண்ணனும் தம்பியும் ஒரே புல்லட்டில் வந்தார்கள். வழக்கை ராஜி பண்ணிக்கொண்டார்களாம். கிணறு பொது.

இப்போது எங்கள் பிள்ளைகள் இருவரும் ஜன்னல் சீட்டுக்கோ கடைசி முறுக்குக்கோ அடித்துக்கொண்டால், சுகந்தி நிமிர்ந்தே பார்க்காமல், “இருங்க, அப்பாவ வந்து பிரிச்சிக் குடுக்கச் சொல்றேன்” என்பாள்.

“வேணாம்மா, நாங்களே பேசிக்கிறோம்!” என்று இரண்டும் ஒரே குரலில் கத்தும்.