வகையைச் சொல்லாமல் வாய் திறக்காதீர்கள்

மனிதர்களில் வகை கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் ஒரு சேதியோடு அவரிடம் போவீர்கள். அவர் சேதியைக் கேட்க மாட்டார், அது எந்த வகைச் சேதி என்று கேட்பார். வகையைச் சொல்லி முடிப்பதற்குள் சேதி ஆறிப்போயிருக்கும். அதனால் அவருக்கு ஒரு கவலையும் இல்லை, ஆறிப்போன சேதிக்கும் அவரிடம் ஒரு வகை இருக்கிறது. இந்த இனத்தார் அரசாங்கக் கச்சேரியிலும் வங்கியிலும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கூட்டமாக வாழ்கிறார்கள். ஆனால் நன்றாக வளர்ந்த ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமானால், கொட்டகலையில் பஸ் ஏறி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாருங்கள். சுகந்தன் சார் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். காட்டுவதற்கு முன் கொஞ்சம் சிரிப்பார்கள்.

சார் பஜாரில் கணினி வகுப்பு நடத்துகிறவர். மண்சரிவு, வெள்ளம் வந்தால் பார்க்கிற எங்கள் தோட்டத்து அனர்த்தக் குழுவின் கணினிப் பொறுப்பாளரும் அவர்தான். நான் அதே குழுவின் செயலாளர், அதாவது கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறவன். சாரைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அவர் நல்ல மனிதர். மழையில் நனைந்து நின்றால் தன் குடையைக் கொடுத்துவிடுவார். கொடுக்கும் முன் அது இரவலா, அன்பளிப்பா என்று உங்கள் வாயாலேயே சொல்லவைப்பார், அவ்வளவுதான்.

டீக்கடைச் சின்னத்தம்பி அண்ணன், பிளேன்டீயா பால் டீயா என்று கேட்டால் சாருக்கு முகம் மலரும். இரண்டில் ஒன்று, குழப்பம் இல்லை, இப்படியல்லவா கேட்க வேண்டும்! அடுத்து, “சீனி?” என்று கேட்டால் அதே முகம் வாடிவிடும். சீனி வேண்டுமா என்பது ஆம்-இல்லை வகை. எத்தனை கரண்டி என்பது எண் வகை. வெள்ளைச் சீனியா சிவப்புச் சீனியா என்பது எழுத்து வகை. இந்த மனிதர் இதில் எதைக் கேட்கிறார்? சின்னத்தம்பி அண்ணன் இப்போதெல்லாம் கேட்பதை விட்டுவிட்டு இரண்டு கரண்டி போட்டு நீட்டிவிடுகிறார். சாரும் குடித்துவிடுகிறார்.

வீட்டில் அவர் மனைவி யூஜினா அக்கா பாடுதான் பாவம். வெங்காயம் ஒரு கிலோ, தேங்காய் இரண்டு, கருவாடு கொஞ்சம் என்று துண்டில் எழுதிக் கொடுப்பார். ஒரு பட்டியலுக்குள் ஒரு வகைதான் வரலாம், கிலோவும் எண்ணிக்கையும் கலக்கக் கூடாது என்று சார் அதை இரண்டு துண்டாகப் பிரித்து எழுதுவார். ‘கொஞ்சம்’ இரண்டு துண்டிலும் சேராது. அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு வேண்டுமென்றால் அக்காவே பஜாருக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

இந்த வியாதி எங்கிருந்து தொற்றியது? கணினியிலிருந்துதான். கணினிக்குள்ளே நிரல்கள், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்கள் மாதிரி வரிசையாகக் குடியிருக்கின்றன. லயத்தில் சேதி சொல்ல முகட்டைப் பார்த்து ஒரு சத்தம் போட்டால் ஆறு வீடு தாண்டிக் கேட்கும். கணினியில் அது நடக்காது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்ட வேண்டும்: சேதி யாருக்கு, என்ன வேலை, என்னென்ன விவரம். அதிலும் ஒவ்வொரு விவரத்துக்கு முன்னாலும் அதன் வகையை எழுதி முக்காற்புள்ளி வைக்க வேண்டும். எழுத்து என்றால் ‘ஸ்ட்ரிங்’, எண் என்றால் ‘இன்ட்’, ஆம்-இல்லை என்றால் ‘பூலியன்’. வகை பிசகினால் அடுத்த காம்பராக்காரன் கதவைத் திறக்க மாட்டான். ‘இந்த வகைகளோடு அப்படி ஒரு வேலை இங்கே கிடையாது’ என்று உள்ளேயிருந்தே பதில் வரும். இந்தக் கருவியை முதன்முதலில் கண்ட அன்று, உலகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று சார் என்னிடம் சொன்னார். அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பிள்ளைக் காம்பராவில், அதுதான் எங்கள் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம், ஒரு நிறுவனம் அன்பளிப்பாய்த் தந்த கணினி இருக்கிறது. அதனுள் மழை அளக்கும் நிரல் ஒன்று, லயங்களில் ஒலிபெருக்கியை முழக்கும் நிரல் ஒன்று. மழை எல்லை மீறினால் முன்னது பின்னதுக்குச் சொல்லும். தேவைப்பட்டால் நாமும் வரி தட்டிச் சொல்லலாம். ஒலிபெருக்கி நிரலை எழுதியவர் சார்தான். அதற்கு மூன்று விவரம் வேண்டும்: எந்த லயம், எத்தனை தடவை, சங்கு ஊத வேண்டுமா. எங்களிடம் இருப்பவை கோயில் லயம், புது லயம், பணிய லயம், பத்தாம் நம்பர் லயம். மாதா மாதம் ஒத்திகை நடக்கும். ஒவ்வொரு மாதமும் கோயில் லயத்துக்குத்தான் நடக்கும், ஏனென்றால் ஒத்திகை முடிந்ததும் அங்கே வடை கிடைக்கும்.

அந்தக் கணினிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருப்பவர் பிள்ளைக் காம்பரா ஆசிரியை நிரோஜினி. ஓர் ஒத்திகையில் எத்தனை தடவை என்ற இடத்தில் ‘மூன்று’ என்று எழுத்தில் தட்டிவிட்டார். சார் நாற்பது நிமிடம் விளக்கம் கொடுத்தார். மறுநாள் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது: ‘வகை அறியாதோர் தொடுதல் ஆகாது.’ நிரோஜினி அதற்குக் கீழே உட்கார்ந்துதான் ஒரு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்.

இனி போன கார்த்திகைக்கு வருவோம். மூன்றாம் நாளாக விடாத மழை. தோட்டத்தில் வேலை இல்லை, காலையிலிருந்து போன் இல்லை. மழை அளக்கும் குழாயின் வாயை இலை அடைத்துக்கொண்டதால், கணினியின் கணக்கில் அன்று நல்ல வெயில். நான், சார், நிரோஜினி மூவரும் பிள்ளைக் காம்பராவில் இருந்தோம். பகல் இரண்டு மணிக்குப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ராக்காயி அக்கா தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். பத்தாம் நம்பர் லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது, கை உள்ளே போகிறது, சங்கு ஊதாமல் சனம் கிளம்பாது என்றார். சார் பேனாவை எடுத்து, இது தகவலா, எச்சரிக்கையா என்று கேட்டார். கை என்பது அளவு அல்ல என்றும் சொன்னார். ராக்காயி அக்கா அவரை விட்டுவிட்டு நிரோஜினியைப் பார்த்தார். காரணம் இருந்தது. நிரோஜினியின் வீடு பத்தாம் நம்பரில். அவருடைய அம்மா அழகம்மா காலில் கட்டுப் போட்டு அங்கேதான் படுத்திருந்தார்.

ராக்காயி அக்கா தாண்டி வந்த குறுக்குப் பாதையில், போக்குக்கு, அதாவது சின்னப் பாலத்துக்கு, மேலே இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுப் பாதையில் ஓடினாலும் ஒரு மணித்தியாலம். ஒலிபெருக்கியை விட்டால் வேறு வழி இல்லை. அனுப்புங்க சார் என்றேன் நான். அதுவரை நான் குழுவில் சொன்ன ஒரே யோசனை அதுதான்.

சார் உட்கார்ந்தார். நிதானம் தவறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். லயம்: இன்ட், முக்காற்புள்ளி, பத்து. தடவை: இன்ட், முக்காற்புள்ளி, ஐந்து. சங்கு: பூலியன், முக்காற்புள்ளி, ஆம். தட்டினார். ‘இந்த வகைகளோடு அப்படி ஒரு வேலை இங்கே கிடையாது.’ சார் அதை எங்களுக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினார். வகையில்தான் சிறு பிசகு, பதற வேண்டாம் என்றார். எண்களிலேயே பல வகை உண்டாம். கழித்தல் வராத எண்ணாக ஒரு பத்தை அனுப்பினார். கிடையாது. சின்னப் பத்து. கிடையாது. பெரிய பத்து. கிடையாது. கடைசியில் பத்து தசம் பூச்சியம் என்று ஒன்றை அனுப்பினார். எல்லாப் பத்துக்கும் ஒரே பதில். வெளியே மழைச் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“சார், அது நம்பர் இல்ல. பேரு” என்றார் நிரோஜினி.

சார் திரும்பாமலே, “பத்து நம்பர் இல்லையாம்மா?” என்றார்.

“எங்க லயத்துக்குப் பக்கத்துல ஒன்பதாம் நம்பரும் இல்ல, பதினோராம் நம்பரும் இல்லீங்க சார். ஒண்ணைக் கூட்டினா எங்க போய் நிப்பீங்க? எங்கம்மா அங்க படுத்திருக்காங்க. தள்ளுங்க.”

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் எந்தத் துரையோ வரிசையாக நம்பர் போட்டிருப்பார். மற்ற லயங்கள் இடிந்தும் பேர் மாறியும் போய்விட்டன, பத்து மட்டும் பேராக நின்றுவிட்டது. எங்கள் சனம் ‘பத்தாம் நம்பரில் பெண் எடுத்தேன்’ என்று சொல்லும்போது யாரும் கணக்குப் போடுவதில்லை. சார் தள்ளி உட்காரவில்லை. கூட்ட முடியாத எண் எண்ணாகுமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். நிரோஜினி அவருடைய நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். காலில் சக்கரம் வைத்த நாற்காலி அது, சாரோடு சேர்ந்து சுவரோரம் போய் அந்த அறிவித்தலுக்குக் கீழே நின்றது. நாற்காலிகள் என் பொறுப்பு. நான் பிடிக்கவில்லை.

நிரோஜினி நின்றபடியே தட்டினார். ஸ்ட்ரிங், முக்காற்புள்ளி, பத்து; மற்ற இரண்டும் சார் தட்டியபடியே. திரையில் பதில் எதுவும் வரவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதியது. அதைத் தொடர்ந்து சாரின் குரலில் பதிவு ஒலித்தது: ‘அறிவித்தல். வகை, எச்சரிக்கை.’ அதைக் கேட்க நல்லவேளையாக யாரும் நிற்கவில்லை, சங்குக்கே கிளம்பிவிட்டார்கள். அழகம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். இருபது நிமிடம் கழித்து மண் இறங்கி, லயத்தின் தொங்கல் முனையில் இருந்த மூன்று காம்பராக்களை மூடியது. அழகம்மாவினுடையது இரண்டாவது.

மறுநாள் சார் தன் நிரலைத் திறந்து பார்த்தார். லயம் என்ற இடத்தில் அவரே போன வருடம் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ‘பத்தாம் நம்பர் எண் போலத் தோன்றும். எழுத்தே. கவனம்.’ அதைக் குழுவில் ஒளிக்காமல் வாசித்தார். தவறு தன்னுடையது, வகை: கவனக்குறைவு என்றும் சொன்னார். சுவரிலிருந்த அறிவித்தலைத் தன் கையாலேயே கிழித்தார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

அன்று பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களின் விவரம் எடுக்க சார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அழகம்மா கம்பை ஊன்றி வந்து முன்னால் நின்றார். சார் படிவத்தைத் திருப்பினார், அதில் இரண்டு கட்டங்கள்.

“நன்றியாம்மா, முறைப்பாடா?”

“அதெல்லாம் தெரியாதுங்க சார். நீங்க சங்கு ஊதுனதுல உசிரோட இருக்கேன். இன்னும் கொஞ்சம் வெள்ளன ஊதியிருந்தா ஆட்டையும் அவுத்துக்கிட்டு வந்திருப்பேன்.”

சாரின் பேனா இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது. பிறகு தலையைத் தூக்கி, “ஆட்டுக்குப் பேர் இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். செவத்தி என்றார் அழகம்மா. சார் கட்டங்களை விட்டுவிட்டு, ஓரத்து வெள்ளையில் செவத்தி என்று எழுதினார். முன்னால் எந்த வகையும் போடவில்லை.

சரி, சாரைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இது நடந்ததா, இட்டுக்கட்டியதா, கதையா, கட்டுரையா என்று எந்த இடத்தில் யோசிக்கத் தொடங்கினீர்கள்? ராக்காயி அக்கா நனைந்து ஓடிவந்து நின்றபோதா? அப்படியானால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சக்கரம் இருந்தால், பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.