வெள்ளத்துக்கு நேரம் குறித்தவர்

மனிதரில் வளைகோட்டார் என்றொரு வகை உண்டு. பார்த்திருப்பீர்கள். வானம் கறுத்தால் நீங்களும் நானும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். அவர் பென்சிலைச் சீவுவார்.

நம் வளைகோட்டார் நீர்வளத்துறைப் பொறியாளர். ஒரு சென்டிமீட்டர் மழைநீர் வடிந்து வந்தால் ஓடை எப்போது ஏறும், எப்போது உச்சத்தைத் தொடும், எப்போது வடியும் என்று இளமையில் மழைமானியும் கையுமாக அலைந்து ஒரு வளைகோடு வரைந்திருந்தார். அலகு நீர்வரைவு என்று அதற்குப் பெயர். இரண்டு சென்டிமீட்டரா? கோட்டை இரட்டிப்பாக்கு. மழை விடவில்லையா? அதே கோட்டைச் சற்றுத் தள்ளி வரைந்து கூட்டு. அவ்வளவுதான். இந்த வித்தையை ஓடையோடு நிறுத்தியிருக்கலாம். மனைவியின் கோபம் எப்போது வடியும் என்று வரைந்து அந்த அம்மாளிடமே காட்டினார். அன்று வடியவில்லை.

ஒருநாள் காலையிலிருந்தே கொட்டியது. மனைவி கீழ்த்தளத்தில் தையற்கடை வைத்திருப்பவர். ஊரார் கொடுத்த துணியெல்லாம் தைத்து முடித்து அலமாரியில் இருந்தது. நனைந்தால் கடையின் பேரே கெட்டுவிடும். மாடிக்கு ஏற்ற ஒரு கை கொடுங்கள் என்றார். வளைகோட்டார் கணக்குப்படி வெள்ளம் உச்சத்துக்கு வர இருட்டிவிடுமாம்; சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஏற்றலாமாம்.

"ஏங்க, வாசல்ல தண்ணி நிக்குது."

"அது சாக்கடைத் தண்ணி. ஓடைத் தண்ணி சாயங்காலம்தான் வரும்."

மனைவி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் துணிகளையும் தையல் இயந்திரத்தையும் ஏற்றிவிட்டார். கணவரின் மேசையை மட்டும் தொடவில்லை. அவர் சோற்றில் கை வைப்பதற்குள் ஓடை உள்ளே வந்து, மேசையிலிருந்த வளைகோட்டுச் சுருள்களை ஒவ்வொன்றாக வாசல் வழியே கூட்டிக்கொண்டு போயிற்று.

கோடு வரைந்த காலத்தில் ஓடைக்கு மேலே புதர்க்காடு. மண் பாதி மழையைக் குடித்துவிட்டு மிச்சத்தை மெல்ல அனுப்பும். இப்போது அங்கே சிமெண்டு போட்ட வண்டி நிறுத்துமிடம். அவர் பார்க்கவில்லையா? தினமும் தம் காரை அங்கேதான் நிறுத்துகிறார்.

முழங்கால் நனைய மாடிப்படியில் நின்று சொன்னார்: "கோட்டுல தப்பில்ல. தண்ணிதான் அவசரப்பட்டுடுச்சு."

"போறப்பவாவது உங்ககிட்ட சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க," என்றார் மனைவி, துண்டை நீட்டியபடி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குக் கால் மணி நேரம் என்று எல்லோரிடமும் சொல்கிறீர்களே, அது எப்போது போட்ட கணக்கு? வழியில் இத்தனை கடைகளும் சிக்னல்களும் வருவதற்கு முன்பா? போன தடவை ரயில் போய்விட்டபோது யாரைத் திட்டினீர்கள்? ரயிலைத்தானே?