உன் அப்பா அணியில் உன் பல் டாக்டர்

அன்பு மருமகளுக்கு, வாலிபால் உலகின் முடிசூடா மன்னனும் உன் அம்மாவின் ஒரே தம்பியுமான மாமன், மைதான ஓரத்தில் முழங்காலில் ஐஸ் மூட்டையுடன் அமர்ந்து எழுதுவது. முழங்கால் தவிர மற்ற உறுப்புகள் நலம். இதைப் படித்து முடித்தபின் உன் நலம் எப்படியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் பல் டாக்டரை உன் அப்பா "வாயில்லாப் பூச்சி, வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டாரே, அதைச் சரிசெய்யும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாய். சேர்ந்து விளையாடினால் கீரியும் பாம்பும்கூடச் சம்பந்தியாகிவிடும் என்பது என் சித்தாந்தம். அதனால் இன்று நம் குடியிருப்பு அணிக்கு ஓர் ஆள் குறைந்ததும் அவரைக் கொண்டுவந்து, கேப்டனான உன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். ஒற்றுமை, பொறுமை, விட்டுக்கொடுக்கும் குணம் எல்லாம் குழு விளையாட்டில் தானாக வரும் என்பார்கள். வந்ததம்மா, லாரி லாரியாக வந்தது! பந்து இருவருக்கும் நடுவே இறங்குகிறது. "நீங்க எடுங்க சார்" என்கிறார் இவர். "பரவால்ல, நீங்களே எடுங்க தம்பி" என்கிறார் உன் அப்பா, விறைப்பாக. பந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையில் விழுகிறது. இப்படியே புள்ளிகள் போய்க்கொண்டிருக்க, பின்வரிசையில் நான் ஒருவனே ஆறு பேராகப் பாய்ந்தேன், பறந்தேன், ஒருதரம் மேகத்தைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். முழங்கால் போனது அந்தப் பயணத்தில்தான்.

எப்படியோ சமநிலைக்கு வந்தோம். நம் மைதான வழக்கப்படி அடுத்த புள்ளி யாருக்கோ அவர்களுக்கே வெற்றி. பந்து மறுபடி அதே நடுவில். உன் அப்பா மரியாதை செலுத்த வாயைத் திறக்குமுன் ஒரு கர்ஜனை: "யோவ் பெரிசு, தள்ளுய்யா!" மைதானமே திரும்பியது. யாரென்று பார்த்தால் உன் வாயில்லாப் பூச்சி! ஒரே குத்து, பூமி இரண்டு அங்குலம் நகர்ந்தது. ஜெயித்துவிட்டோம். ஆனால் ஆபீசில் "ஐயா" தவிர வேறெதுவும் கேட்டறியாத உன் அப்பா, தள்ளி நின்ற இடத்திலேயே சிலையாகிவிட்டார். "சாரி சார், ஏதோ வேகத்துல..." என்று டாக்டர் குழற, உன் அப்பா தண்ணீர் பாட்டிலோடு தனியே போய் உட்கார்ந்தவர்தான், இன்னும் எழவில்லை.

ஆகவே காரியம் கெட்டது. டாக்டரை மறந்துவிடு. குழு விளையாட்டைக் கண்டுபிடித்தவன் வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்திருக்கமாட்டாள். நீ நூறாண்டு வாழ்க, உன் பற்களும் அப்படியே.

இப்படிக்கு,
ஆட்டத்தில் ஜெயித்து உறவில் கோட்டைவிட்ட உன் மாமன்

பி.கு.: எதிரணியின் கூச்சலில் நடுவர் தீர்ப்பை மாற்றிவிட்டார். பந்து கோட்டுக்கு வெளியேதான் விழுந்ததாம், நாம் தோற்றுவிட்டோம். உன் அப்பா பாட்டிலை வீசிவிட்டு ஓடி, டாக்டரின் தோளை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவர் மூக்குக்கு நேரே விரலை நீட்டிக் கத்துகிறார்: "யோவ், எங்க மாப்பிள்ளை அடிச்ச பந்து வெளிய போகுமாய்யா?"