அமரர் செபநாயகம் இரண்டு வீதம்

“அண்ணை, என்ரை அப்பா ஏன் சும்மா இருக்கிறார்?”

மெல்பேணிலிருந்து றொபின் கேட்டான். அவனுடைய அப்பா செபநாயகம் மாஸ்ரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒன்பது வருடம். சும்மா இருக்க அதைவிட நியாயம் வேண்டுமா என்று கிருபைரட்ணத்துக்கு வாய்வரை வந்தது.

பிழை அவருடையதுதான். பண்டத்தரிப்புப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் கணினி அறைக்கு அவர் பொறுப்பு. பழைய மாணவர்கள் சேர்ந்து, காலமான தங்கள் பெற்றோரின் நினைவாக ஒரு சேர்வர் கொடுத்தார்கள். ரியூப்லைற் அன்பளித்தாலே வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதுகிற ஊர் இது. பெட்டியோ ஒன்று, பெயர்களோ பன்னிரண்டு. கிருபைரட்ணம் பெட்டிக்குள்ளேயே பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளைப் பிரித்து, ஆளுக்கொரு அமரரின் பெயரைச் சூட்டினார். அதோடு நின்றிருக்கலாம். எது நூற்றுக்கு எத்தனை வீதம் உழைக்கிறது என்று நொடிக்கு நொடி காட்டும் வரைபடத்தின் இணைப்பையும் வட்சப்பில் உலகம் முழுக்க அனுப்பிவைத்தார்.

“ஸ்ரெல்லாவின்ரை அப்பா அறுபது வீதம் ஓடுறார். எங்கடை அப்பா ரண்டு.”

“அவரிலை பரீட்சைப் புள்ளியள் ஏறுது, தம்பி. உங்கடை அப்பாவிலை நூலகப் பட்டியல். பிள்ளையள் புத்தகம் எடுத்தாத்தானே…”

“அப்ப பிழை அப்பாவிலையோ? ஒருநாளும் குந்தியிருக்காத மனிசன், அண்ணை.”

கிருபைரட்ணமும் மாஸ்ரரிடம் கணக்குப் படித்தவர்தான். வெள்ளை வேட்டி, றலி சைக்கிள், காதில் செருகிய சோக்கட்டி. நினைவில் எல்லா வாத்திமாரும் ஓடியாடித்தான் திரிகிறார்கள். நெஞ்சு இளகிவிட்டது. நூலகப் பட்டியலை ஓயாமல் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும்படி மாஸ்ரரின் கணினிக்கு ஒரு வேலை கொடுத்தார். ஐம்பத்தைந்து வீதம்.

லண்டனிலிருந்து ஸ்ரெல்லா எடுத்தாள். “அப்பா நாப்பதுக்கு இறங்கிப்போனார். ஆர் அமத்தினது?”

அவளுடைய அப்பாவுக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களா? பகல் இரண்டு மணிக்குள் பன்னிரண்டு அமரர்களும் மூச்சிரைக்க ஓடினார்கள். மூன்று மணிக்குப் பெட்டி இறுகி நின்றது.

அதிபர் தேவமலர் வாசலில் நின்றார். “நாலு மணிக்குத் தாய் தேப்பன்மார் றிப்போட் எடுக்க வருகினம். புள்ளி வராட்டி கணினி வேலை எல்லாத்தையும் கொழும்புக்கு அனுப்பிப்போட்டு இந்த அறையைப் பூட்டுவன்.”

பதினேழு வருடமாக அவர் பார்த்துவந்த அறை. மாஸ்ரரை நிறுத்தினால் மற்றவர்களையும் நிறுத்தலாம். ஆனால் பிள்ளையிடம் சொல்லாமல் தகப்பனைப் படுக்கவைக்க மனம் வரவில்லை. றொபினை அழைத்தார்.

“தம்பி, அப்பாவைக் கொஞ்சம் குறைக்கட்டே?”

“இப்பதானே அண்ணை அவர் அவராய் இருக்கிறார்.”

அந்தப் பக்கம் யாரோ போனைப் பறித்தார்கள். றொபினின் அம்மா.

“தம்பி, நான் அவரோடை நாப்பத்திரண்டு வருஷம் சீவிச்சனான். அந்த ரண்டு வீதத்தைப் பாத்துப் பாத்துத்தான் இவ்வளவு நாளும் மனிசன் பக்கத்திலை இருக்கிறமாதிரிக் கிடந்தது; இண்டைக்கு ஆரைப் பிடிச்சு அதுக்கை இருத்தி வைச்சிருக்கிறியள்?”