நோயாளிகளுக்கு மட்டும்

"தம்பி, இன்னும் ஒரே ஒரு ஆளுதான். கொஞ்சம் பொறுத்துக்கங்க," என்றார் அய்யாவு.

வசந்தகுமார் ஸ்டீரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். இந்த ஒரே ஒரு ஆளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து ஒரே ஒரு ஆட்கள் வருவார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. ஓவேலிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கூடலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை இலவசமாக ஏற்றிப் போகும் டிரஸ்ட் வேன் அது. பழைய டிரைவர் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு ஓடினார் என்று சேர்ந்த புதிதில் அவன் யோசித்ததுண்டு. இப்போதெல்லாம் யோசிப்பதில்லை.

"ஏனுங்க, இது ஆஸ்பத்திரி வண்டிங்க. கல்யாண வண்டி இல்லீங்க."

"எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தானே தம்பி வாராங்க? சீக்காளிய ஒத்தையில அனுப்பினா நம்ம லயத்துக்கே மானக்கேடு இல்லையா?"

தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான அந்த லயத்து வழக்கம் அப்படி. ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் துணைக்கு ஒருவர் போவார். அந்தத் துணை திரும்பி வரும்போது தனியாக வரக்கூடாதே என்று அவருக்கு ஒரு துணை. காசில்லாத வண்டி வேறு. கேட்க வேண்டுமா! அங்கம்மாவுக்குக் கூடலூரில் மகளைப் பார்க்கணும், சங்கிலிக்குச் செல்போனை ரிப்பேருக்குக் கொடுக்கணும். அத்தனை பேரையும் கண்டக்டர் மாதிரி கதவோரம் நின்று கூவிக் கூவி ஏற்றுபவர் அய்யாவு. கழுத்து வரைக்கும் மூடின முழுக்கை ஸ்வெட்டர், குல்லா, ஓயாத வாய். வீட்டில் இப்படி ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு மனுசனுக்கு எப்படித்தான் இவ்வளவு குஷி வருகிறதோ என்று வசந்தகுமாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின் சீட்டில் அவர் மனைவி சின்னம்மை சுருண்டு கிடப்பார். காதைச் சுற்றிக் கம்பளி மப்ளர், கையில் பிளாஸ்டிக் பை, மூடின கண். வண்டி கிளம்பும் முன்பே முனகல் கிளம்பிவிடும். அந்த வீட்டில் ஒரு டயாலிசிஸ் கேஸ் என்று டிரஸ்ட் ஆபீஸில் முதல் நாளே வசந்தகுமாரிடம் சொல்லியிருந்தார்கள். டயாலிசிஸ் என்றால் சும்மாவா? அந்த முகத்தை நினைத்து அவன் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைப் பூப்போல அழுத்துவான்.

அன்றைக்கும் லேட். ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது டிரஸ்ட் ஆபீஸிலிருந்து சசிகலாவின் போன் வந்தது.

"ஏனுங்ண்ணா, டயாலிசிஸ் பேஷண்ட் இன்னிக்கும் லேட்டுங்களாமா? இப்படியே போனா அந்த மெஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். வரிசையில அத்தனை பேரு காத்துட்டிருக்காங்க. அப்புறம் கோயமுத்தூருக்குத்தான் போகோணும். மலை எறங்கி ஏற அந்த ஒடம்பு தாங்குமுங்களா?"

"தாங்காதுங்க அம்மிணி. செத்தே போயிருவாங்க."

"அப்போ சர்வீஸ இம்ப்ரூவ் பண்ணலாமுங்ண்ணா," என்றாள் சசிகலா.

மறுநாளே வேனின் நெற்றியில் 'நோயாளிகளுக்கு மட்டும்' என்று ஒரு போர்டு ஏறியது.

அவ்வளவுதான், லயமே படுத்துவிட்டது. அங்கம்மா தலையில் இறுக்கிக் கட்டின துண்டோடு வந்தார். சங்கிலி நொண்டிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க, வரும்போது வலது காலத்தானே நொண்டுனீங்க? ஏறும்போது எடது காலாயிருச்சு?"

"நோவு நின்ன எடத்துல நிக்குமா தம்பி? நடமாடிக்கிட்டுத்தானே இருக்கும்?"

நொண்டி ஏறவும் தாங்கி இறக்கவும் நேரம் பிடித்ததில் முந்தியைவிட லேட்.

"நோவுன்னு சீட்டு இருந்தாத்தான் ஏத்தோணும்னு சொல்லீருங்ண்ணா," என்றாள் சசிகலா. "டிஸ்பென்சரியில எழுதி வாங்கிட்டு வரட்டும்."

தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஹெர்பர்ட் தங்கமான மனுசர். யார் போய் நின்றாலும் முகத்தைப் பார்த்து, மனசு நோகாமல் ஒரு வியாதியை எழுதிக் கொடுத்தார். சீட்டு கையில் இருந்ததால் ஆஸ்பத்திரியில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்துப் பிரஷர் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் சங்கிலி ஆடிப்போய் வந்து நின்றார்.

"போன் ரிப்பேருக்கு வந்தவனுக்குச் சர்க்கரை இருக்குன்னுட்டாங்க தம்பி! மாசா மாசம் வரணுமாம்!"

அங்கம்மாவுக்குப் பிரஷர். இன்னும் இரண்டு பேருக்கு ரத்தசோகை. பொய் நோயாளிகள் அத்தனை பேரும் அசல் நோயாளிகளாகி, உரிமையோடு வேனில் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வசந்தகுமாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர்களுக்கெல்லாம் மருந்து வாங்கிக் கொடுத்த களைப்பிலோ என்னவோ, திரும்பும்போது அய்யாவுவின் வாய்கூட ஓய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நாலு மணி நேரம் நன்றாகத் தூங்கியிருப்பார் என்று வசந்தகுமார் நினைத்துக்கொண்டான். இரக்கப்பட்டு வழியில் டீ வாங்கிக் கொடுத்தால், மனுசர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மிச்சத்தை நீட்டினார். அந்தக் கொழுப்பும் உண்டு அவருக்கு.

"விடிகாலையில கிளம்பிருங்ண்ணா," என்றாள் சசிகலா. "அந்த நேரத்துக்கு யாரு எந்திரிச்சு வருவாங்க?"

எல்லாரும் எழுந்து வந்தார்கள். கொழுந்து கிள்ளப் போகிற ஜனத்துக்கு விடிகாலை ஒரு பொருட்டா? போதாததற்கு, விடிகாலை என்றால் மார்க்கெட்டுக்குத் தோதாக இருக்கும் என்று பீன்ஸ் மூட்டையும் வாழைத்தாரும் கூட ஏறின. அப்படியும் வண்டி கிளம்பிப் பாதி தூரம் போய்விட்டது. அங்கே நடுரோட்டில் ஒரு ஒற்றை யானை நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்த ரோடு அதனுடையது.

"ஆரன் அடிக்காதீங்க தம்பி," என்று அய்யாவு கிசுகிசுத்தார். "அதுவா போகும்."

அதுவாகத்தான் போனது, வாழைத்தார் வாசனையை நின்று நிதானமாக அனுபவித்துவிட்டு. பின் சீட்டில் சின்னம்மை பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகினார்.

அன்று வந்த போனில் சசிகலாவின் குரல் உடைந்திருந்தது.

"கடைசியாச் சொல்லிட்டாங்ண்ணா. நாளான்னிக்கு டைமுக்கு வரலீன்னா இடம் போச்சு. நான் கெஞ்சிப் பாத்துட்டேனுங்க."

வசந்தகுமாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒரு உயிர், அதைத் துணை துணை என்று சொல்லியே கொல்லப் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த அய்யாவு. அந்த ஆளைக் கழற்றிவிட்டால்தான் அந்த அம்மா பிழைக்கும் என்று முடிவு கட்டினான்.

குறித்த நாளில் வேனைக் கீழ் வளைவிலேயே நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் லயத்துக்கு நடந்தான். அய்யாவு மேல் லயத்தில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் கேட்டது. சின்னம்மை மப்ளரும் பையுமாக வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா, போலாமுங்க."

"அவரு வரட்டும் தம்பி."

"அவரு வேண்டாமுங்க. அவரு வந்தா ஊரே வருமுங்க."

சின்னம்மை விழித்தார். "அவரு இல்லாம நான் போயி என்ன செய்ய?"

வசந்தகுமார் அவர் பக்கத்தில் குனிந்தான். இப்படிப்பட்ட புருசன் மேலும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பாசம்!

"எதுக்கும் பயப்படாதீங்க. என்ற அம்மா மாதிரி நீங்க. எல்லாம் நான் பாத்துக்கறேனுங்க," என்று சொல்லிக்கொண்டே அவரைக் கைத்தாங்கலாக, கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே போய் வேனில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான்.

"தம்பி, நிறுத்துங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார் சின்னம்மை. அதற்குள் முதல் வளைவு வந்துவிட்டது. அவர் பையைப் பிரித்தார். அப்புறம் கூடலூர் வரைக்கும் அவரால் வாயை வேறு எதற்கும் திறக்க முடியவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். குல்லாவைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு அய்யாவு ஓடி வந்தார். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். ஊரைச் சுற்றத் தெரிந்த மனுசனுக்கு நாலடி ஓட முடியவில்லை, பார். போன் அடித்தது. அய்யாவு. வெட்டினான். மறுபடி அடித்தது. அணைத்தே வைத்துவிட்டான்.

வண்டி காற்றாகப் போனது. மூட்டை இல்லை, முனகுவதற்கு ஒரே ஆள், யானைகூட அன்று லீவு. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறோம் என்று வசந்தகுமாருக்குக் கண் கலங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் யாரையும் எதிர்பார்க்கவில்லை. தானே சக்கர நாற்காலியைப் பிடித்து, சின்னம்மையை உட்காரவைத்து, முதல் முறையாக மாடியில் இருக்கும் டயாலிசிஸ் வார்டுக்கே தள்ளிக்கொண்டு போனான். மூச்சு வாங்கியது. மனசு மட்டும் நிறைந்திருந்தது.

நர்ஸ் சரிதா கடிகாரத்தைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, டைமுக்கு முன்னாடியே வந்துட்டீங்களே! பெரிய புண்ணியமுங்ண்ணா. இல்லீன்னா இன்னிக்கு இடம் போயிருக்கும்."

"பேஷண்ட் உயிருங்களே, சிஸ்டர்!" என்றான் வசந்தகுமார் நெஞ்சை நிமிர்த்தி.

சின்னம்மை அப்போதுதான் பையை முகத்திலிருந்து எடுத்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரிதா சிரித்துக்கொண்டே ஒரு எலுமிச்சம்பழத்தை அவர் கையில் திணித்தாள்.

"வளைவுல வந்தாலே அம்மாவுக்கு இப்படித்தானுங்ண்ணா, எப்பவும்போல வெளிய பெஞ்சுல படுத்துக்கட்டும். மெஷின் ரெடிங்க, அய்யாவு அய்யாவச் சீக்கிரம் மேல வரச் சொல்லுங்க."