சூசைமேரி பெயரில் ஆறு மூட்டை சிமெண்டு

மனித குலத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நெருப்பைக் கண்டுபிடித்ததையும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மூன்றாவது பெரிய நிகழ்ச்சியை விட்டுவிடுகிறார்கள். அது 1956-ஆம் வருஷம், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பெரிய ரோட்டில், பதினோராவது மைல்கல்லுக்கு எதிரே, என் மாமா அருள்ஜோசப் வீட்டுப் புழக்கடையில் நடந்தது. அந்த மகத்தான பணிக்கு நான்தான் காரியதரிசி. மினிட்ஸ் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாமா என்றால் என் அக்கா சூசைமேரியின் புருஷன். மத்திகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பன்னிரண்டு வருஷம் பட்லராக இருந்தவர். துரை கப்பலேறியபோது ஒரு கோட்டு, கை நீளத்துக்கு ஒரு இரும்பு முள்கரண்டி, ‘எதையும் கமிட்டி போட்டுச் செய்’ என்ற உபதேசம், இந்த மூன்றையும் மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கோட்டு கிழிந்துவிட்டது. மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டு மாமா எங்கள் ஊர் நலச் சங்கத்தின் தலைவரானார். எனக்கு மூன்று வேளையும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. ஆகவே நான் நடுநிலை தவறாதவன் என்று வாசகர்கள் தைரியமாக நம்பலாம்.

சிமெண்டு என்பது அந்தக் காலத்தில் மண்ணில்லை, வரம். பர்மிட் இல்லாமல் ஒரு கைப்பிடிகூடக் கிடைக்காது. அதற்கு முந்தின வருஷம் எங்கள் பக்கத்து வளர்ச்சி அலுவலகம் ஒன்றில் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்கள்) ‘மகளிர் சுகாதாரக் கக்கூஸ் திட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்பிள்ளை பெயரில் மனுப் போட்டால் சிமெண்டு உண்டு. அக்கா மனுப் போட்டாள். போட்டவள் சும்மா போடவில்லை, ஆறு மாதம் அலைந்து போட்டாள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் விடியுமுன்னே ரோட்டோரத்து உண்ணிச்செடிப் புதருக்குத்தான் போவார்கள். அதில் ஒரு சிக்கல். பெங்களூர் லாரிகளும் அந்த நேரத்தில்தான் போகும். அக்காவே ஒருநாள் எனக்கு விளக்கினாள்.

“லாரி லைட்டு அடிச்சா எழுந்து நிக்கணும்டா. லாரி போனதும் உக்காரணும். ஆறு மாசத்து வயித்தோட எத்தினி தடவைடா எழுந்து எழுந்து உக்காருவேன்? எனக்கு நகை வேணாம், சேலை வேணாம். தாப்பாள் போட்ட ஒரு கதவு போதும். மாமாகிட்ட நீ சொல்லேன்டா.”

“நான் மினிட்ஸ் எழுதறவன்க்கா. கருத்துச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை” என்றேன். விதி அப்படி.

சிமெண்டு ஆறு மூட்டை வந்து இறங்கியது, தவக்காலம் தொடங்கிய வாரத்தில். இங்கேதான் தெய்வச் செயலைக் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கக் குடும்பமாகிய நாங்கள் தவக்காலத்தில் கறி தொடமாட்டோம். கறி தின்னாத மனுஷனுக்கு எந்நேரமும் கறி ஞாபகம்தான் வரும் என்பது மாமாவின் அனுபவம். நாலாவது நாள் கத்தரிக்காய்க் குழம்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகத்தில் ஒரு ஒளி.

“துரை வீட்டுல ‘கிரில்’னு ஒண்ணு இருந்தது. கீழ விறகுத் தணல், மேல கம்பி, கம்பி மேல கறி. எண்ணெய் வேணாம், சட்டி வேணாம். அது நம்ம புழக்கடையில இருந்தா எந்த அதிகாரி நம்ம வீட்டுக்கு வரமாட்டான்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ‘குடும்பக் கமிட்டி’ கூடியது. மாமா தலைவர், நான் காரியதரிசி, அக்கா ‘பார்வையாளர்’. பார்வையாளர் உட்கார நாற்காலி இல்லாததால் அவள் கதவோரம் நின்றுகொண்டு மொச்சை உரித்தாள்.

“கக்கூஸ்ங்கிறது என்ன? ஒரு சமயத்துல ஒரே ஒருத்தர்தான் உபயோகிக்க முடியும். அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு! இதுவா சமுதாய முன்னேற்றம்? கிரில்லைச் சுத்திப் பத்துப் பேர் நிக்கலாம்.”

“பத்துப் பேரும் ரோட்டோரம் போய்ச் சுத்தி நிக்கட்டுங்க, நான் வேணாங்கல. சிமெண்டு என் பேர்ல வந்தது” என்றாள் அக்கா.

“மேரி, நீ உணர்ச்சிவசப்படறே. கமிட்டியில உணர்ச்சிக்கு எடமில்லை.”

“வயித்துல இருக்கறதும் உங்க கமிட்டிதாங்க.”

தீர்மானம் இரண்டு ஓட்டில் நிறைவேறியது. பார்வையாளருக்கு ஓட்டில்லை. அவள் சொன்னதை ‘சமையலறைப் பக்கம் சிறிது சத்தம்’ என்று பதிவு செய்தேன். மினிட்ஸ் என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும் அல்லவா?

ஒரே ஒரு இடைஞ்சல். சிமெண்டு கொடுத்த அலுவலகம் வந்து அளந்து பார்க்கும். அரசாங்கம் கொடுத்த நீல வரைபடத்தின்படி ஓர் அங்குலம் பிசகினாலும் சிமெண்டைத் திருப்பிக் கேட்பார்கள். மாமா வரைபடத்தை மேஜையில் விரித்து அரைமணி நேரம் பார்த்தார். பிறகு தொடையில் தட்டினார்.

“அடேய், இது கிரில்லுதான்டா! தணலுக்குக் குழி இருக்கு. புகை போகக் குழாய் இருக்கு. கம்பி வைக்க ரெண்டு பக்கமும் மேடு இருக்கு. காத்து அடிக்காம நாலு பக்கம் சுவர். இதுல கிரில்லுக்கு ஆவாதது எது, சொல்லு?”

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மாமாவின் மூளைக்கு முன்னால் நான் எம்மாத்திரம்!

வேலை தொடங்கியது. குடும்பமே இறங்கி உழைத்தது என்று எழுதும்போது என் கண்கள் கலங்குகின்றன. மாமா ‘மேற்பார்வை’. நான் ‘ஒருங்கிணைப்பு’. தண்ணீர் சுமந்தது, மணல் சலித்தது, கல் எடுத்துக் கொடுத்தது ஆகிய சில்லறை வேலைகளை மட்டும் அக்கா பார்த்துக்கொண்டாள். கொத்தனார் ராமப்பன், தெலுங்கு பேசுகிறவர். வரைபடத்தையும் பார்த்தார், மாமா கையிலிருந்த முள்கரண்டியையும் பார்த்தார்.

“ஏமி சாமி, இதுலயா மாம்சம் சுடறது? சாமி சத்தியமா?”

“அரசாங்க பிளான்படி கட்டு, ராமப்பா. கேள்வி கேக்காதே.”

ராமப்பன் குழியை இரண்டடியோடு நிறுத்தப் போனார். அப்போது அக்கா அவருக்குக் கேழ்வரகுக் கூழ் கொண்டுபோனாள். கூழோடு மெதுவாக என்னவோ சொன்னாள். அது என் காதில் விழவில்லை, ஆகவே மினிட்ஸிலும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் ராமப்பன் மறுபடி தோண்ட ஆரம்பித்தார். தோண்டினார், தோண்டினார், ஆள் தலை மறைகிற வரைக்கும் தோண்டினார்.

“ஏன்டா இவ்வளவு ஆழம்?” என்றார் மாமா.

“பிளான்ல பத்தடி போட்டிருக்கு சாமி. தப்பாப் போனா என்னை ஜெயில்ல போடுவாங்க.”

பத்தடி ஆழத்தில் தணல் போட்டால் மேலே கறி எப்படி வேகும்? மாமாவா அயர்கிறவர்! ரோடு போடுகிறவர்கள் எறிந்துவிட்டுப் போன தார் டின் ஒன்றைப் பாதியாக வெட்டி, குழிக்குள் சங்கிலியில் தொங்கவிட்டார். அதில் தணல். மேலே வைக்கக் கம்பி? சமையலறை ஜன்னலின் ஆறு கம்பிகளையும் பிடுங்கிக்கொண்டார். அன்று முதல் ஊர்ப் பூனைகள் எங்கள் வீட்டிலேயே காலை உணவு சாப்பிட்டன. முன்னேற்றம் என்றால் நாலு பேருக்குப் பயன்பட வேண்டும், பூனையும் அதில் சேர்த்திதான்.

ஈஸ்டர் ஞாயிறு திறப்பு விழா. சிமெண்டு கொடுத்த அதிகாரி கோவிந்தப்பனையே மாமா விருந்துக்கு அழைத்திருந்தார். கிடா வெட்டியாகிவிட்டது. மாமா கிரில்லுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ஒருவர்தான் நிற்க முடியும். சுற்றி நிற்கவேண்டிய மற்ற பத்துப் பேரும் வெளியே மரநிழலில் உட்கார்ந்தோம். குழாயிலிருந்து புகை வந்தது. கூடவே ஒரு மணம் வந்தது பாருங்கள், நாற்பது நாள் நோன்பிருந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கோவிந்தப்பன் ஐயா மூன்று தட்டு சாப்பிட்டார். ஈரலை மட்டும் நாலாவது தடவையும் கேட்டு வாங்கினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, ரிஜிஸ்தரை எடுத்தார்.

“வந்ததோட வந்தேன், அந்த மகளிர் கக்கூஸையும் பாத்துட்டு எழுதிடறேன். எங்க இருக்கு?”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்தேன். அக்கா மட்டும் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“அதாங்க ஐயா.”

“அதுலேருந்து புகை வருதே?”

“கிருமி சாவறதுக்குங்க” என்றார் மாமா. ஆபத்தில்தான் மேதை பிறக்கிறான்.

“பேஷ்! நல்லதாப் போச்சு. ரெண்டு மூணு தட்டு ஜாஸ்தியாயிடுச்சு, வயிறு ஒரு மாதிரி பண்ணுது. ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா.”

மாமா தடுக்கக் கையை உயர்த்தினார், பிறகு அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டார். அக்கா சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். அதிகாரி மரியாதை தெரிந்தவர், செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழுந்தது. கறி சுட்டு முடிந்ததுமே கம்பிகளை எடுத்துவிட்டிருந்தோம். ஆனால் கால் வைக்கிற மேடு இரண்டும் காலையிலிருந்து தணலில் காய்ந்தவை.

“ஆண்டவனே!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. எந்த மதத்து ஆண்டவன் என்று நான் விசாரிக்கவில்லை.

கதவு திறந்தது. கோவிந்தப்பன் ஐயா குதிகாலால் நடந்துவந்தார், பிறகு ஓடினார். சொம்போடு நேரே ரோட்டோரப் புதருக்கு ஓடினார். அப்போது பெங்களூர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. புதருக்குள்ளிருந்து ஓர் அரசாங்க அதிகாரி எழுந்து நின்றார். லாரி போனது. உட்கார்ந்தார். இன்னொரு லாரி வந்தது. மறுபடி எழுந்து நின்றார்.

“ரெண்டு தடவைதான்டா எழுந்தாரு, அதுவும் பட்டப்பகல்ல. அவருக்கு வயித்துல புள்ளையும் இல்ல” என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை. இனிமேல் அந்த மனுஷனுக்குப் புரியும், எழுதுவார் என்று நம்பி அவர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது என்னவோ போலிருந்தது. இன்னொரு துண்டு கறி எடுத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். எல்லாம் புரிந்த முகம். மாமாவைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், தான் சாப்பிட்டு வைத்த தட்டைப் பார்த்தார். உண்மையை எழுதினால் சிமெண்டு கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். எதில் சுட்ட கறியைத் தின்றோம் என்றும் சொல்ல வேண்டும். தின்ற உப்புக்குத் துரோகம் செய்யாதவர் அவர். உட்கார்ந்து எழுதினார்:

‘கட்டடத்தை நேரில் நின்று சோதித்தேன். உறுதியானது. துர்நாற்றம் அறவே இல்லை, மாறாக நறுமணம் உள்ளது. ஓசூர்க் குளிருக்கு ஏற்ற இதமான வெப்பம். பயனாளி சூசைமேரி அம்மாள் தினமும் உபயோகித்து வருகிறார். இவ்வூர்ப் பெண்கள் இனி ரோட்டோரம் செல்லவேண்டியதில்லை.’

சர்டிபிகேட் வந்தது. மாமா பிரேம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அடுத்த வாரம் எங்கள் தெரு மாதம்மாளும் வெங்கடம்மாளும் தங்களுக்கும் கக்கூஸ் வேண்டும் என்று கொடுத்திருந்த மனுக்கள் திரும்பி வந்தன. ‘தங்கள் ஊர் ஏற்கனவே தன்னிறைவு பெற்றுவிட்டது’ என்று அச்சடித்த பதில். இரண்டு பேரும் வந்து அக்காவிடம் காட்டினார்கள். அக்கா படிக்கத் தெரிந்தவள். ஒருதரம் படித்தாள், மடித்துக் கொடுத்தாள். சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டையும் ஒருதரம் படித்தாள்.

மாமாவின் புகழ் பரவியது. ஈஸ்டர் முடிந்து மூன்றாவது ஞாயிறு, ‘ஊர் தன்னிறைவு விழா’ என்று பெயர் வைத்து, சேலத்திலிருந்து பெரிய அதிகாரிகள் ஆறு பேர் கறி தின்ன வந்தார்கள். மாமா மசாலா தடவிய கறித் தட்டை ஒரு கையிலும், துரை கொடுத்த முள்கரண்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு புழக்கடைக்கு நடந்தார். நான் புத்தகத்தோடு பின்னால் போனேன்.

கிரில் கதவு சாத்தியிருந்தது. மாமா தள்ளினார். திறக்கவில்லை.

“யாரு உள்ள?”

“ஆள் இருக்கு” என்றாள் அக்கா.

“மேரி! மேரி, வெளிய வா! அது கிரில்லு!”

“யாரு சொன்னது? பிரேம் போட்டு மாட்டியிருக்கீங்களே, போய்ப் படிச்சுப் பாருங்க. சூசைமேரி அம்மாள் தினமும் உபயோகிக்கிறாங்களாம்.”

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். தார் டின் வேலியோரம் கிடந்தது. ஜன்னல் கம்பி ஆறும் சமையலறை ஜன்னலிலேயே திரும்ப ஏறியிருந்தன. கம்பிக்கு வெளியே பூனை ஒன்று ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தது. கதவுக்கு முன்னால் மாதம்மாள், அவளுக்குப் பின்னால் வெங்கடம்மாள், அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர், ஆளுக்கொரு சொம்போடு வரிசையில் நின்றார்கள். யாரும் அவசரப்படவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி, பொம்பளைங்க போற எடம்” என்றாள் மாதம்மாள்.

மாமா கறித் தட்டோடு தள்ளி நின்றார். பெரிய அதிகாரிகள் தூரத்திலிருந்தே வரிசையைப் பார்த்து, திட்டம் இவ்வளவு வெற்றி பெற்றதை வேறு எங்கும் கண்டதில்லை என்று ரிஜிஸ்தரில் எழுதினார்கள். ஆனால் சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

ஏட்டில் எழுதியதை நிஜமாக்க எத்தனையோ பேர் திண்டாடுகிற நாட்டில், ஒரு தார் டின்னைத் தூக்கி வெளியே போட்டு அதைச் செய்து முடித்தவள் என் அக்கா. அன்று சாயங்காலம், இந்தச் சாதனையைப் பதிவு செய்ய மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்தேன். சிமெண்டு வந்த நாளிலிருந்து அன்றுவரை அவள் விடியுமுன்னே ரோட்டோரம் நடந்தது அறுபது நாளுக்கு மேல். அதில் எந்த நாளிலாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேனா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஈஸ்டர் ஞாயிற்றுக்கு நேரே, லாரிக்கு எழுந்து நின்ற அதிகாரியைப் பார்த்துவிட்டு அவள் நம்பிக்கையோடு காத்து நின்றாளே அந்த நாளுக்கு நேரே, என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘ஈரல் அருமை. ஏகமனதாக ஏற்கப்பட்டது.’