கீழே எழுதிய வரி

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நான் நலம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் வேறு எதை எழுதினாலும் நீ பயந்துவிடுவாய். நீயும் மாமாவும் நலமா, அப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்று போனிலேயே கேட்டிருப்பேன். நீ எடுப்பதில்லை, அதனால் காகிதம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் போன் பேச்சு, எக்ஸ்ரே படம், கேன்டீன் டிவி எல்லாம் ஒரே கம்பியில்தான் ஓடுகின்றன. அவை வந்து சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். எது முதலில் போகலாம், எது காத்திருக்கலாம் என்று அதற்கு வரிவரியாக விதி எழுதிக் கொடுப்பது என் வேலை. அது மேலிருந்து படிக்கும். எந்த வரி பொருந்துகிறதோ அதோடு படிப்பை நிறுத்திவிடும். டாக்டர்களின் பேச்சுக்கு முதல் மரியாதை என்று அழகாகத்தான் எழுதினேன், எக்ஸ்ரேவுக்கு அடுத்தது என்றும் எழுதினேன், ஆனால் சோதனைக்காக உச்சியில் போட்டிருந்த "எது வந்தாலும் காத்திருக்கட்டும்" என்ற வரியை எடுக்க மறந்துபோனேன். பத்து மணிக்குத் தலைமை நர்ஸ் வந்து நின்றார். "டாக்டர் பேசறது தண்ணிக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு. கேன்டீன் டிவி மட்டும் ஜோரா ஓடுது" என்றார். எல்லாம் ஒன்றாகக் காத்து நின்றால் டிவி தாங்கிக்கொள்ளும், பேச்சு தாங்காது.

மத்தியானம் வரை கம்பியைப் பிடுங்கினேன், சொருகினேன், மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் எந்த வரி எத்தனை முறை பயன்பட்டது என்று பார்த்தால், டாக்டர்களின் வரிக்கு நேரே சைபர். அதை ஸ்விட்ச் படிக்கவே இல்லை.

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். உன் அழைப்பு பதினொன்று. யார் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும் என்று போனிலும் நான் வரிசையாக எழுதி வைத்திருந்தேன்: ஆபீஸ் என்றால் அடி, மற்ற யாராக இருந்தாலும் சத்தம் வேண்டாம், அக்கா அப்பா என்றால் உடனே அடி. அதே வரிசையில். கண் ஆபரேஷனுக்கு உள்ளே போகுமுன் அப்பா என் குரலைக் கேட்க வேண்டும் என்றாராமே. உன் செய்தியைப் படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, உங்களை முக்கியம் என்று நான் எழுதாமல் இல்லை. கீழே எழுதியிருந்தேன். வருஷக்கணக்காகவே அப்படித்தானோ என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று மாற்றிவிட்டேன். நீங்கள் இருவரும் உச்சியில். ஆபீஸ் நம்பர் எதுவும் அடிக்காது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். அதற்குள் அப்பாவிடம் எனக்காக நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி வை. மாமாவுக்கு வணக்கம், குட்டிகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
திட்டு வாங்கத் தயாராக இருக்கும் தம்பி

பின்குறிப்பு: எழுதிக்கொண்டிருக்கும்போதே வரவேற்பு மேஜையிலிருந்து நாலு முறை அழைப்பு வந்திருந்தது. ஆபீஸ்தானே என்று பெருமையாக விட்டுவிட்டேன். கடைசியில் தலைமை நர்ஸே வந்து, "உங்கப்பா ஒரு மணி நேரமா வாசல்ல உக்காந்திருக்கார்" என்றார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறார்.

"யாருக்கு எழுதறே?"

"அக்காவுக்கு."

"போன் பண்ண வேண்டியதுதானே?"

"எடுக்க மாட்டேங்கறாப்பா."

"எத்தனை தடவை பண்ணினே?"

"ரெண்டு."

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவ பதினொண்ணு பண்ணினா. உனக்கு இன்னும் ஒம்போது இருக்கு. பேனாவை வெச்சுட்டுப் பண்ணு."